பத்தாயத்தில் கேட்ட சத்தம்

ஜூலை 14, 2024

அதே கனவு, மூன்றாவது முறை. இந்தத் தடவை மணி பார்த்தேன், விடியற்காலை 4.10.

எங்கள் ஊர் வீடு. திருவாரூர்ப் பக்கம், நாட்டு ஓடு போட்டது. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம் எல்லாம் இருக்கிறபடியே இருக்கின்றன. ஆனால் கூடத்து மூலையில் ஒரு மரப்படி மேலே போகிறது. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. படிக்குப் பக்கத்தில் பத்தாயம், நெல் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி. அதிலிருந்து டொக், டொக் என்று சத்தம். யாரோ மேலிருந்து இறங்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் யாரும் இறங்குவதில்லை. கனவு அவ்வளவுதான். ரத்தம் இல்லை, உருவம் இல்லை. விழித்தபோது முதுகெல்லாம் வியர்வை.

இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15

அம்மாவிடம் சொன்னேன். என்ன கனவு என்பதைவிட, "எந்தச் சாமத்துல கண்ட?" என்பதுதான் முதல் கேள்வி. விடியற்காலை என்றதும் முகம் மாறிவிட்டது.

இது அம்மாவின் நம்பிக்கை மட்டும் இல்லை. பழைய கனாநூலிலேயே இருக்கிறது. முதல் சாமத்துக் கனவு ஒரு வருடத்தில் பலிக்கும், இரண்டாம் சாமம் என்றால் எட்டு மாதம், மூன்றாவது மூன்று மாதம், கடைச்சாமம் என்றால் பத்தே நாள். பலிப்பது இருக்கட்டும், அந்தக் கணக்குப் போட்டவர்கள் ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தூக்கம் சுமார் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அலையும் ஒரு கட்டம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1953-இல் அதைக் கண்டு எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. விடியலை நெருங்க நெருங்க அந்தக் கட்டம் நீள்கிறது. விடியற்காலைக் கனவு நீளமாக இருப்பதும், அதிலிருந்தே விழித்துக்கொள்வதால் மறக்காமல் நிற்பதும் இதனால்தான். அவ்வளவு அழுத்தமாக நிற்கும் ஒன்றை "பலிக்கும்" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லியிருப்பார்கள்!

அம்மாவுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. திருநீறு பூசிவிட்டார். பூசிக்கொண்டேன்.

ஜூலை 18

நேற்று ராத்திரி அமுக்குவான். கண் திறந்திருக்கிறது, மின்விசிறி தெரிகிறது, கை கால் அசையவில்லை. கதவுப் பக்கம் யாரோ நிற்கிறார்கள். மகளைக் கூப்பிட வாய் வரவில்லை. ஒரு நிமிடம்கூட இருக்காது, ஆனால் அதன்பின் தூங்கவில்லை.

கனவுக் கட்டத்தில், நாம் கனவில் ஓடும்போது நிஜமாக எழுந்து ஓடிவிடாதபடி உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். சில நேரம் மனம் முந்தி விழித்துவிடுகிறது, தளர்ச்சி விலகவில்லை, கனவும் முழுதாகக் கலையவில்லை. அமுக்குவான் அதுதான். இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். தெரிந்தும் பயம் குறையவில்லை. பயந்தவர்களைப் பார்த்து "வெறும் பிரமை" என்று சொல்பவர்களுக்கு இது ஒருமுறையாவது வந்திருக்காது.

ஜூலை 20

டாக்டரைப் பார்த்தேன். ஒற்றைத் தலைவலிக்காக மே மாதத்திலிருந்து ப்ராப்ரனலால் சாப்பிடுகிறேன். சிலருக்கு அது கெட்ட கனவுகளைத் தரும் என்றார். நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு வாரம் பார்த்துவிட்டு மாற்றலாம் என்றார். கனவு ஆரம்பித்ததும் மே கடைசியில்தான்.

சரி, மாத்திரை கனவைக் கிளப்பியிருக்கலாம். ஆனால் எத்தனையோ வீடுகளில் வாடகைக்கு இருந்திருக்கிறேன். இந்த வீட்டை ஏன் எடுத்துக்கொண்டது?

ஜூலை 22

பேய் வீட்டுக் கனவுக்கு என்ன பொருள் என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: வீடு என்பது நீங்கள், பேய் என்பது நீங்கள் முடிக்காமல் விட்ட பழைய விஷயம். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கும் பொருந்துகிற பதில் எனக்கு எதற்கு?

1909-இல், மனதையும் கனவையும் ஆராய்ந்த மருத்துவர்கள் பிராய்டும் யுங்கும் ஒன்றாக அமெரிக்கா போன பயணத்தில் யுங் ஒரு வீட்டைக் கனவில் கண்டார். மேல்தளம் நல்ல அலங்காரத்தோடு இருக்கிறது. கீழே இறங்கினால் இன்னும் பழைய காலம், அதற்கும் கீழே ரோமானியர் காலத்து நிலவறை, அதற்கும் அடியில் ஒரு குகை, குகையில் இரண்டு மண்டையோடுகள். பிராய்டுக்கு மண்டையோடுகள் யாருடையவை என்பதுதான் முக்கியம். யாருடைய சாவையோ யுங் மனதுக்குள் விரும்புகிறார் என்று அவருக்குச் சந்தேகம். யுங் அவரைச் சமாதானப்படுத்த, மனைவியும் மனைவியின் சகோதரியும் என்று சொல்லிவைத்தார். உண்மையில் அவர் மனதில் இருந்தது வேறு: அந்த வீடே மனித மனம், இறங்க இறங்க அது தனி ஒருவருடையதாக இருப்பதில்லை. ஒரே வீடு, இரண்டு மேதைகள், இரண்டு பொருள்.

ஆனாலும் பிராய்டின் ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கனவில் வந்த ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எடுத்து, இதை நினைத்தால் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கண்டவரையே கேட்பது. அகராதி பிறகுதான். நாளை பத்தாயத்தை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.

ஜூலை 23

அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்பா பத்தாயத்தை விரல் முட்டியால் தட்டுவார். மேலிருந்து கீழே, பலகை பலகையாக. நெல் இருக்கிற இடத்தில் சத்தம் அமுங்கிக் கேட்கும், இல்லாத இடத்தில் கணீரென்று வரும். ஏணி போட்டு ஏறி எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. "இன்னும் ரெண்டு மாசத்துக்கு வரும்" என்று அப்பாயியிடம் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு ஐந்தாறு வயதில் நானும் தட்டிப் பார்ப்பேன், என் கைக்குச் சத்தமே வராது.

கனவில் நான் கேட்பது கணீர்ச் சத்தம்.

அப்பா 2021 மே மாதம் சென்னையில் ஒரு மருத்துவமனையில் போனார். கொரோனா. ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை. இங்கேயே, நாலு பேர்கூட இல்லாமல் முடிந்தது. அதன்பிறகு நாங்கள் யாரும் அந்த வீட்டைத் திறக்கவில்லை. கொரோனா ஓய்ந்த பிறகும் திறக்கவில்லை. ஏன் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதும் இல்லை.

ஜூலை 26

அத்தைக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்த வீட்டுல ராத்திரில சத்தம் கேக்குதுன்னு தெருவுல பேசிக்கிறாங்க கண்ணு. புள்ளைங்க அந்தப் பக்கம் போவறதில்ல." விலை பேச வந்தவர்கூடத் திரும்பிப் போய்விட்டாராம். தம்பி விற்க ஆள் பார்த்ததே எனக்கு இப்போதுதான் தெரியும்.

எங்கள் பக்கம் விளக்கேற்றாத வீட்டில் வேறு ஏதாவது வந்து குடியேறும் என்பார்கள். சின்ன வயதில் இதைப் பேயைப் பற்றிய பேச்சாகக் கேட்டேன். இப்போது வீட்டுக்காரர்களைப் பற்றிய பேச்சாகக் கேட்கிறது.

ஜூலை 29

கெட்ட கனவைப் பகலில் விழித்திருக்கும்போதே மாற்றி எழுதி, அந்தப் புது வடிவத்தைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கும் ஒரு சிகிச்சை முறை உண்டு. பாரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் செய்து பார்த்து, கெட்ட கனவுகள் குறைந்ததை 2001-இல் எழுதியது. அவர்கள் பட்டதற்கு முன்னால் என் கனவு ஒன்றுமே இல்லை. ஆனாலும் எழுதினேன்: கூடத்தில் விளக்கு எரிகிறது. டொக், டொக். நான் போய்ப் பதிலுக்குத் தட்டுகிறேன்.

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

நேற்று ஊருக்கு வந்தோம், நானும் அம்மாவும் தம்பியும். ஆடிப் பதினெட்டு, ஆனால் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை. மேட்டூரையே ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள்.

பூட்டு துருப்பிடித்துப்போய், தம்பி உடைத்துத்தான் திறந்தான். பரணில் மரநாய் குடும்பம் நடத்தியிருக்கிறது. எச்சத்தில் கொட்டைகள், எட்டுப் பத்து ஓடு விலகி, கீழே மழை ஒழுகிய கறை. தெருவே பயந்த சத்தம் அதுவாகத்தான் இருக்கும். அத்தையிடம் சொன்னால், "மரநாய் வந்ததும் வீடு பூட்டிக் கிடந்ததாலதானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மா முதலில் விளக்கை ஏற்றிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுத்தார்.

பத்தாயத்தைத் தட்டினேன். மேல் பலகை, நடுப்பலகை, எல்லாம் கணீர். அடிப்பலகையில் அமுங்கிக் கேட்டது. தம்பி கீழ்வாயைத் திறந்து கையை விட்டான். ஒரு மரக்கால் நெல் இருக்கும். அந்துப்பூச்சி அரித்து, பாதிக்கு மேல் வெறும் உமி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்று காலை கமலாலயக் குளக்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தான்.

ஆகஸ்ட் 11

சென்னை. மாத்திரையை மாற்றிவிட்டார்கள். அதனால் எது எதைச் சரிசெய்தது என்று என்னால் சொல்ல முடியாது. கனவு ஒரே ஒருமுறை வந்தது. கூடத்தில் விளக்கு எரிந்தது, படி அங்கேயேதான் இருந்தது. சத்தம் இல்லை. நான் தட்டவும் இல்லை.

ஓடு மாற்றுகிறவர் புதன்கிழமை வருகிறார். நாட்டு ஓடு இப்போது கிடைப்பது கஷ்டம், இடித்த வீட்டு ஓடு இருந்தால் பார்க்கிறேன் என்றார். தம்பி இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறான்.