கவர் அடிக்கக் கொடுக்கும் முன்: பெயருக்கு டிரேட்மார்க் தேடும் வேலை

மசாலாப் பொடிக்குப் பிரிண்ட் போட்ட பவுச் வேண்டுமானால் ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி சிலிண்டர் செய்ய வேண்டும். பெயரில் ஓரெழுத்து மாறினாலும் அந்தப் பெயர் விழுகிற சிலிண்டர்களை மறுபடி செய்யத்தான் வேண்டும். அடித்து வைத்த ரோல் எடைக்குப் போகும். இது தெரிந்தும் பலர் பெயரை முடிவு செய்து, லோகோ வரைந்து, பவுச்சும் அடித்துவிட்டுத்தான் "இதுக்கு டிரேட்மார்க் கிடைக்குமா?" என்று கேட்டு வருகிறார்கள். வரிசையே தலைகீழ். தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. அரை நாள் பொறுமையாக உட்கார்ந்தால் போதும்.

மூன்று நான்கு பெயர்கள் கையில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். ஒரே பெயரோடு உட்கார்ந்தால் மனசு அதற்குச் சாதகமாகவே பார்க்கும். இடிக்கிற பெயர் எதிரே வந்தாலும் "இது வேற மாதிரிதானே" என்று தாண்டிப் போய்விடும்.

தேட வேண்டிய இடம் மத்திய அரசின் ஐபி இந்தியா இணையதளத்தில் டிரேட்மார்க் பகுதியில் இருக்கும் பப்ளிக் சர்ச். உள்ளே வேர்ட்மார்க் (சொல்), வியன்னா கோட் (லோகோ படம்), ஃபொனெடிக் (ஒலி) என்று மூன்று வகைத் தேடல் உண்டு. வேர்ட்மார்க்கில் 'ஸ்டார்ட் வித்', 'கன்டெய்ன்ஸ்', 'மேட்ச் வித்' என்று மூன்று வழி. புதிதாக வருகிறவர்கள் 'ஸ்ரீ தாழை ஃபுட் ப்ராடக்ட்ஸ்' என்று போர்டில் எழுதப்போவதை அப்படியே அடிப்பார்கள். எதுவும் வராது. சந்தோஷமாக மூடிவிடுவார்கள். ஸ்ரீ, ஃபுட்ஸ், ப்ராடக்ட்ஸ், டிரேடர்ஸ் எல்லாம் ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் ஒட்டு. வாங்குகிறவர் நினைவில் நிற்பது 'தாழை'தான். தேட வேண்டியதும் அதைத்தான்.

இங்கேதான் தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை தொடங்குகிறது. பதிவேட்டில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் லேபிள் பதிந்தவர்கள்கூட, அதன் உச்சரிப்பை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித் தந்திருப்பார்கள், விதி அப்படி. ஆனால் ஒரே தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 'தாழை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 'த'வுக்கு வெறும் 'டி' போடுவார்கள், அல்லது 'டிஹெச்'. நெடிலுக்கு ஒரு 'ஏ' அல்லது இரண்டு 'ஏ'. 'ழ'வுக்கு 'இசட்ஹெச்', அல்லது 'எல்', அல்லது சும்மா 'இசட்'. கடைசி 'ஐ'க்கு 'ஏஐ' அல்லது 'ஏஒய்'. பெருக்கிப் பாருங்கள்: 24 ஸ்பெல்லிங். தமிழில் இரண்டே எழுத்து!

இருபத்து நான்கையும் ஒவ்வொன்றாக அடிக்கத் தேவையில்லை. 'கன்டெய்ன்ஸ்' போட்டு, முன்பக்கத்தை வெட்டி 'ஏ-இசட்-ஹெச்-ஏ-ஐ' என்று வால்பகுதியை மட்டும் கொடுத்தால், முன்னே 'டி' இருந்தாலும் 'டிஹெச்' இருந்தாலும், ஒரு 'ஏ'வோ இரண்டு 'ஏ'வோ எதுவானாலும் மாட்டும். கூடவே வாழையும் மழையும் வரும், கண்ணால் தள்ளிவிட வேண்டியதுதான். இப்படி 24 ஆறாகக் குறைந்துவிடும். 'எல்' போட்ட ஸ்பெல்லிங்குக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. மலை, கலை, சாலை, கடலை, அண்ணாமலை எல்லாம் மலைபோல் குவியும். அந்த இடத்தில் மட்டும் 'ஸ்டார்ட் வித்'துக்கு மாறி முதலெழுத்திலிருந்து தேடுங்கள். அப்படித் தேடும்போது இன்னொன்றும் கண்ணில் படும்: 'எல்' போட்டால் தாழை 'தலை' ஆகிவிடுகிறது. தலை என்று யாராவது பதிந்திருந்தால் அதுவும் உங்களுக்கு இடிக்கிற பெயர்தான். ககரம் 'கே'யா 'ஜி'யா 'சி'யா, சகரம் 'எஸ்'ஸா 'சிஹெச்'சா, வகரம் 'வி'யா 'டபிள்யூ'வா என்று மற்றப் பெயர்களுக்கும் இப்படியே ஒரு சின்ன அட்டவணை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேலை ஓடும்.

ஒலியை வைத்துத் தேட ஃபொனெடிக் சர்ச் இருக்கிறதே என்பீர்கள். அதையும் போட்டுப் பாருங்கள். ஆனால் அது ஆங்கிலக் காது. ழகரத்தை அது தெரிந்துகொள்ளும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

காதால் தேட வேண்டும் என்று இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் மூக்குப்பொடி. சென்னையில் 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரில் மூக்குப்பொடி விற்றுவந்தார்கள். இன்னொருவர் 'ஸ்ரீ ஆண்டாள்' என்று படத்தோடு லேபிள் பதியப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969இல் தீர்ப்பு வந்தது. ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, அம்பாள் சிவனின் தேவி, இரண்டும் வேறு தெய்வம், படமும் வேறு என்பதெல்லாம் நீதிமன்றத்துக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் பொடி வாங்குகிற எல்லாருக்கும் அந்த வித்தியாசம் தெரியும் என்று சொல்ல முடியாது. கடைக்காரர் காதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் விழும். ஆண்டாளுக்குப் பதிவு கிடைக்கவில்லை. "ஸ்பெல்லிங் வேற, அர்த்தம் வேற, லோகோ வேற" என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

அடுத்தது கிளாஸ், அதாவது பொருள்களையும் சேவைகளையும் பிரித்து வைத்திருக்கும் வகை எண். மொத்தம் 45. முதல் 34 பொருள்களுக்கு, மிச்சம் சேவைகளுக்கு. வேர்ட்மார்க் தேடலில் ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ்தான் கொடுக்க முடியும். மசாலாப் பொடி, காபி, டீ, அரிசி, மாவு, இனிப்பு எல்லாம் 30. ஊறுகாயும் சமையல் எண்ணெயும் பாலும் 29. பதப்படுத்தாத தானியம், காய்கறி 31. கடை வைத்து விற்பது 35, ஹோட்டல் 43. மசாலா விற்கப்போகிறவர் 30ஐ மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. 'குளுக்கோவிட்டா' குளுக்கோஸ் பவுடர், 'குளுவிட்டா' பிஸ்கட். பொருள் வேறுதான். இருந்தும் 1959இல் உச்ச நீதிமன்றம் குழப்பம் வரும் என்றே சொன்னது, ஏனென்றால் குளுக்கோஸ் சேர்த்து பிஸ்கட் செய்வது ஊரறிந்த சங்கதி. உங்கள் பொருளுக்குப் பக்கத்து அலமாரியில் என்ன இருக்குமோ அந்தக் கிளாஸையும் பாருங்கள். ஒரே விண்ணப்பத்தில் பல கிளாஸ் கேட்டவர்களுக்குப் பதிவேட்டில் 99 என்ற எண் விழுந்திருக்கும். அதையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள், நிறைய பேர் விடுவது இது.

நாடு முழுக்கப் பேர் பெற்ற பெயர்களுக்குக் கிளாஸ் கணக்கே கிடையாது. 'வெல்-நோன்' என்று அங்கீகரித்த பெயர்களின் பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது. 'ஈநாடு' தெலுங்கு நாளிதழ். அந்தப் பெயரில் ஊதுபத்தி விற்ற வழக்கிலும் 2011இல் உச்ச நீதிமன்றம் நாளிதழ்க்காரர் பக்கமே நின்றது.

பெயர்கள் வந்து விழுந்த பிறகு அவற்றைப் படிப்பதுதான் அசல் வேலை. ஒவ்வொரு விண்ணப்ப எண்ணையும் குறித்துக்கொண்டு, ஸ்டேட்டஸ் பக்கத்தில் கொடுத்துத் திறக்க வேண்டும். 'ரிஜிஸ்டர்ட்' என்றால் சந்தேகமில்லை, இடிக்கிற பெயர்தான். 'அப்ஜெக்டட்', அதாவது அதிகாரி ஆட்சேபித்தது, என்று பார்த்ததும் "அவருக்கே கிடைக்கவில்லை" என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. தப்பு. அந்த விண்ணப்பம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது. 'அக்செப்டட் அண்ட் அட்வர்டைஸ்டு' என்றால் டிரேட்மார்க் அலுவலகத்தின் ஜர்னலில் வந்துவிட்டது என்று பொருள். ஜர்னலில் வந்த நாளிலிருந்து 4 மாதம்தான் எதிர்ப்புத் தெரிவிக்க முடியும். 'ரிமூவ்டு', அதாவது புதுப்பிக்காமல் விட்டது, இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பதிவு 10 ஆண்டுக்கு. புதுப்பிக்காததால் நீக்கிய பெயரை, நீக்கிய நாளிலிருந்து இன்னும் ஓர் ஆண்டுக்குப் பதிவேட்டில் இருப்பதாகவே கணக்கில் எடுப்பார்கள். நீக்கும் முன் இரண்டு ஆண்டாகப் பயன்பாட்டில் இல்லை என்றோ, குழப்பம் வராது என்றோ காட்டினால்தான் விலக்கு. 'அபேண்டன்ட்' என்றால் விண்ணப்பத்தைத்தான் கைவிட்டிருக்கிறார், கடையை அல்ல.

ஸ்டேட்டஸ் பக்கத்தில் யாரும் அவ்வளவாகத் தொடாத ஒரு புதையல் இருக்கிறது: அப்லோட் செய்த ஆவணங்கள். உங்கள் பெயரை ஒத்த ஒரு விண்ணப்பத்துக்கு எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் வந்திருந்தால் அதைத் திறந்து படியுங்கள். எந்தெந்தப் பழைய பெயர்கள் இடிக்கின்றன என்று அதிகாரியே தேடிப் பட்டியல் போட்டிருப்பார். நாளைக்கு உங்கள் விண்ணப்பத்துக்கும் பெரும்பாலும் அதே பட்டியல்தான் வரும். விண்ணப்பித்தவர் கொடுத்த பதிலையும் படித்தால் எந்த வாதம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதும் தெரியும். எங்கள் கணக்கில், ஐம்பது தேடலைவிட இப்படி ஒரு ரிப்போர்ட் மேல். அதே இடத்தில் 'யூசர்' தேதியையும் பாருங்கள். 1998இலிருந்து விற்பதாக ஒருவர் எழுதியிருந்தால், அவரோடு மோதுவது வேறு கதை.

பதிவேட்டில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நம் ஊரில் மூன்று தலைமுறையாக ஒரே பெயரில் வியாபாரம் செய்தும் டிரேட்மார்க் பக்கமே போகாத கடைகள் ஏராளம். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தாலும், அதற்கு முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்று வந்தவரின் உரிமைதான் மேல். ஆகவே கூகுள், கூகுள் மேப்ஸ், இந்தியாமார்ட், ஜஸ்ட் டயல், அமேசான், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைப் போட்டுப் பாருங்கள். இணையத்துக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். மளிகை மொத்த வியாபாரியிடம் கேட்டால் "அந்தப் பேர்ல கம்பத்துப் பக்கம் ஒருத்தர் போடுறாரே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

கம்பெனிப் பெயர் கிடைத்துவிட்டது, ஜிஎஸ்டி வந்துவிட்டது, எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸிலும் அதே பெயர், இனி யார் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் நிறைய. இவை எதுவும் பெயருக்கு உரிமை தராது. கம்பெனியாகவே பதிந்திருந்தாலும், டிரேட்மார்க் வைத்திருப்பவர் அந்தப் பதிவிலிருந்து 3 ஆண்டுக்குள் மனுப் போட்டால் கம்பெனிச் சட்டம் 16ஆம் பிரிவின்படி உங்கள் பெயரை 3 மாதத்தில் மாற்றச் சொல்லி உத்தரவு வரலாம்.

மோதல் இல்லாத பெயரும் சில நேரம் நிற்காது. பொருளையே சொல்கிற பெயர் டிரேட்மார்க் சட்டம் 9ஆம் பிரிவில் அடிபடும். 'தாழை' மசாலாவுக்கு நல்ல பெயர். ஆனால் அதே பெயரைத் தாழம்பூ அத்தருக்கோ சர்பத்துக்கோ கேட்டால் அது பெயர் இல்லை, சரக்கின் விவரம். (தாழம்பூவை வடக்கே கேவ்டா என்பார்கள். அர்த்தம் ஒன்றாக இருப்பதால் அந்தச் சொல்லையும் தேடல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.) சாமி பெயர், புராணப் பெயர் எல்லாம் நெரிசல். 'ராமாயண்' என்று ஊதுபத்திக்குப் பெயர் கேட்டவருக்கு, புனித நூலின் பெயரைத் தனி ஒருவர் சொத்தாக்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஊர்ப் பெயரோடு பொருளைச் சேர்க்கிறவர்கள் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டையும் திறந்து பாருங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம் மூன்றும் அங்கே இருக்கின்றன.

லோகோவில் படம் இருந்தால் வியன்னா கோட். விலங்கு 3ஆம் பிரிவு, செடி கொடி பூ 5, மனித உருவம் 2. கோட் தேடித் தலைவலி வந்தால் வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் படத்தையே ஏற்றித் தேடலாம், இந்தியப் பதிவுகளும் அதில் உண்டு.

அடித்த ஒவ்வொரு ஸ்பெல்லிங்கையும் கிளாஸையும் தேதியோடு ஒரு எக்செல் ஷீட்டில் எழுதி, முடிவுப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். விண்ணப்பிக்கும் நாள் காலையில் இன்னொரு முறை தேடுங்கள், இடையில் யாராவது போட்டிருக்கலாம். அப்போதும் முழு நிச்சயம் கிடையாது. வெளிநாட்டில் முதலில் விண்ணப்பித்தவர் 6 மாதத்துக்குள் இங்கே வந்தால் அந்தப் பழைய தேதியையே கோர முடியும். அவர் பெயர் இன்றைக்கு நம் திரையில் தெரியாது.

கட்டணம், ஆன்லைனில் போட்டால், தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறுதொழிலுக்கும் கிளாஸுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பெயர் கிடைக்காவிட்டால் திரும்பி வராது. விண்ணப்ப எண் வந்ததும் சிலிண்டர் ஆர்டர் கொடுக்கும்போது பெயரின் ஓரத்தில் 'டிஎம்' என்று மட்டும் போடச் சொல்லுங்கள். டிசைனர்கள் அழகுக்காக வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுவிடுவார்கள். சான்றிதழ் வரும்வரை அது கூடாது, ப்ரூஃபிலேயே பார்த்து எடுக்கச் சொல்லிவிடுங்கள்.