ஊரணிக்கரை வீட்டுல கேஸ் கீசரை எடுத்துட்டு ஹீட் பம்ப் வெச்ச அனுபவம்

காரைக்குடியில இருந்து கானாடுகாத்தான் போற பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல எங்க வீடு. முகப்புத் திண்ணையில உக்காந்தா எதிர்ல ஊரணிதான், மழைக்காலத்துல நெறைஞ்சு நின்னா தண்ணியோட வெளிச்சம் உத்தரத்துல ஆடும். பாட்டையா காலத்து வீடு, இப்போ அஞ்சு பங்காளிக்குப் பொது. அப்பச்சி, ஆத்தா, நான், மூணு பேர்தான் இங்கயே இருக்கோம். வளவை, அதாவது நடு முத்தத்தைச் சுத்தி இருக்குற அறையில நாலுக்கு மட்டும் பாத்ரூம் சேர்த்துக் கட்டி, செட்டிநாடு பாக்க வர்றவங்களுக்குக் குடுக்குறோம், அந்தக் காசு வரலைன்னா ஓடு மாத்தவோ சுண்ணாம்பு பூசவோ முடியாது.

முன்னாடி கொல்லையில செப்பு பாய்லர் இருந்துச்சு, வெறகுதான். விருந்தாளிங்க வர ஆரம்பிச்சதும் கேஸ் கீசருக்கு மாறினோம், ரெண்டு பாத்ரூமுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கீசர், 19 கிலோ சிலிண்டர். தண்ணி தொறந்த உடனே சூடா வரும், எல்லாருக்கும் சந்தோசம். ஆனா கீசரை பாத்ரூமுக்குள்ளயே மாட்டிட்டாங்க, அந்த பாத்ரூம்ல சின்னதா ஒரு ஜன்னல், அதையும் குளிருதுன்னு சாத்திடுவாங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மார்கழியில முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்காக சித்தப்பா வந்திருந்தாரு. காலையில குளிக்கப் போனவரு அரை மணி நேரமாச்சு வரல, கூப்பிட்டா சத்தமில்ல, தாழ்ப்பாளை ஒடைச்சு உள்ள போனா செவுத்துல சாஞ்சு கெடக்குறாரு, தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கு, கீசர்ல நீலமா எரியாம மஞ்சளா எரியுது. தூக்கி வளவுல போட்டதும் வாந்தி எடுத்தாரு, அப்புறம் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். கார்பன் மோனாக்சைடுன்னு டாக்டர் சொன்னாரு. கேஸ் சரியா எரியக் காத்து பத்தலைன்னா அதுதான் வரும், வாசனை கெடையாது, நெறம் கெடையாது, தலை வலிக்கும், கெறக்கம் வரும், நாம ஏதோ பித்தம்னு நெனப்போம். சித்தப்பா பொழைச்சது கடவுள் புண்ணியம். மூடின பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் வெச்சிருக்குறவங்க யாராச்சும் இதைப் படிச்சா, மத்ததெல்லாம் அப்புறம் படிங்க, மொதல்ல கீசரை வெளிய எடுத்து மாட்டுங்க, ஜன்னலைத் தொறந்து வைங்க.

அன்னைக்கே சிலிண்டரை மூடியாச்சு. அடுத்து என்னன்னு பாக்கும்போது கரண்ட் கீசர்னா நாலு பாத்ரூமுக்கு நாலு, ஒவ்வொண்ணும் 2 கிலோவாட், காலையில ஏழு மணிக்கு எல்லாரும் ஒண்ணாப் போட்டா பழைய வயரிங் தாங்காது. சோலார் ஹீட்டர் யோசிச்சோம், ஆனா எங்களுது நாட்டு ஓடு, மேல டேங்கும் பேனலும் ஏத்துனா மரச்சட்டம் தாங்குமான்னு ஆசாரி தலையை ஆட்டினாரு, ஐப்பசி கார்த்திகையில வெயிலே இல்லாத வாரம் வரும், பங்காளிங்களும் கூரையில கை வைக்க ஒத்துக்கல. அப்பதான் மதுரையில ஏசி வேலை பாக்குற என் கூட்டாளி ஹீட் பம்ப்னு சொன்னான்.

விசயம் இதுதான், ஃப்ரிட்ஜ் உள்ள இருக்குற சூட்டை எடுத்து முதுகுப் பக்கம் விடுதுல்ல, அதே வேலைதான். சுத்தி இருக்குற காத்துல உள்ள சூட்டை எடுத்து டேங்க் தண்ணிக்குள்ள விடுது. கரண்ட் சூடு பண்றதுக்கு இல்ல, கம்ப்ரசரையும் ஃபேனையும் ஓட்டுறதுக்குத்தான், அதனால ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் அளவு சூடு கெடைக்கும். காத்து எவ்ளோ சூடா இருக்கோ அவ்ளோ லாபம், செட்டிநாட்டு வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு இல்லன்னு தோணுச்சு. அந்தச் சூட்டைத் தூக்கிட்டுப் போறது குழாய்க்குள்ள சுத்துற ஒரு வாயு. சில மாடல்ல ஆர்290ன்னு போட்டிருப்பாங்க, அது புரொப்பேன்தான், நம்ம சிலிண்டர்ல பியூட்டேனோட கலந்து வர்ற அதே புரொப்பேன், ஆனா எரியறதுக்கு இல்ல, குழாய்க்குள்ளயே மூடிச் சுத்தி வர்றதுக்கு. நான் வாங்கினதுல இருக்குறது ஆர்134ஏன்னு வேற வாயு.

வாங்குறதுக்கு முன்னாடி கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு டேங்க், அதாவது 300 லிட்டர் தண்ணியை 28 டிகிரியில இருந்து 55க்கு ஏத்த சுமார் 9.4 யூனிட் சூடு வேணும். ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா கிட்டத்தட்ட 12.8 யூனிட், கீசர்ல அதுல 80 சதவீதம் தண்ணிக்குப் போகும்னு வெச்சா ஒரு டேங்குக்கு முக்கால் கிலோவுக்கு மேல, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, அப்போ 19 கிலோ சிலிண்டர் 20 டேங்க் தண்ணிக்கு வரும். அதே 20 டேங்கை ஹீட் பம்ப் சுமார் 63 யூனிட்ல முடிச்சிரும். சிலிண்டர் வெலையும் யூனிட் வெலையும் மாறிக்கிட்டே இருக்குறதால ரூபாய்க் கணக்கை நான் எழுதல, உங்க பில்லை எடுத்து வெச்சு ஒரு சிலிண்டருக்கு 63 யூனிட்னு நீங்களே போட்டுப் பாருங்க.

பங்காளிங்க கிட்ட சம்மதம் வாங்கத்தான் நாலு மாசம் ஆச்சு. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் கோயம்புத்தூர், ரெண்டு பேர் வெளிநாடு, பொது வீட்டுல ஒரு ஆணி அடிச்சாலும் எல்லாருக்கும் தெரியணும். செலவு ஸ்டெபிலைசர், பைப், வயரிங் எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்தை ஒட்டி வந்துச்சு. பொதுப் பணத்துல பாதி, என் கையில இருந்து பாதின்னு பேசி முடிச்சோம். சித்தப்பா விசயம் எல்லாருக்கும் தெரிஞ்சதாலதான் ஒத்துக்கிட்டாங்கன்னு நெனக்கிறேன்.

மெசின் வந்துச்சு, டேங்கும் கம்ப்ரசரும் ஒண்ணா இருக்குற மாடல், ஆள் ஒசரத்துக்கு மேல. வித்தவங்க எங்க வேணா வைக்கலாம்னு சொன்னாங்க, நானும் நம்பி வளவுக்கு அடுத்த பகுதியான ரெண்டாங்கட்டுல பழைய நெல்லு வைக்கிற அறையில வெச்சேன். பத்துக்கு எட்டு ரூம், ஒரே கதவு. மொத நாள் மூணு மணி நேரத்துல சூடாச்சு, அடுத்த வாரம் பாத்தா அஞ்சு மணி நேரம் ஆகியும் 50 டிகிரியைத் தாண்டல. உள்ள போய் நின்னேன், அப்படியே ஜில்லுன்னு இருக்கு, ஆத்தா வெச்சிருந்த வெல்லப்பானை மேல எல்லாம் முத்து முத்தா வேர்த்திருக்கு. மெசின் விடுற குளிர்ந்த காத்தையே மறுபடி இழுத்து அதுலேயே சூடு தேடிக்கிட்டு இருக்கு, எங்க இருந்து கெடைக்கும்? யாரும் இதைச் சொல்லல, அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு. கூட்டாளியை வரச்சொல்லி, மூணாங்கட்டுல அடுப்படிக்கு வெளிய இருக்குற தாழ்வாரத்துக்கு மாத்தினோம், மூணு பக்கம் தொறந்த இடம், மழைச் சாரல் படாது, அடுப்படிச் சூடும் அந்தப் பக்கம்தான் வரும். மறுநாள்ல இருந்து பழையபடி மூணு மணி நேரம் சொச்சம், தனியா ஒரு மீட்டர் மாட்டிப் பாத்தேன், டேங்குக்கு 3.1, 3.2 யூனிட். குளிர்ந்த காத்து அம்மியடிப் பக்கம் வீசுற மாதிரி திருப்பி வெச்சிருக்கோம், சித்திரையில சமையல்கார அக்கா அரைக்கிற வேலையை எல்லாம் அங்கதான் கொண்டு போய் வெச்சுக்கிறாங்க.

இன்னொண்ணு, காத்துல உள்ள ஈரம் தண்ணியாச் சொட்டும், ஊரணிப் பக்கம் ஈரக்காத்து ஜாஸ்தி, மழைக்காலத்துல நெறையவே வருது. அதைக் குழாய் போட்டு வாழைக்கு விட்டுட்டேன். விடாம இருந்தா பக்கத்துல இருக்குற மரத்தூணு அடி ஊறிப் போயிரும்.

பைப் இழுக்குறதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் போன வேலை. எங்க செவுரு ஒண்ணரை அடி கனம், மேல முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேத்துப் பூசின சுண்ணாம்பு, கையை வெச்சா இப்பவும் பளிங்கு மாதிரி வழுக்கும். பிளம்பர் தம்பி மெசினைத் தூக்கினதுமே வயசான கொத்தனார் கையைப் பிடிச்சுட்டாரு, "ஹேமர்ல போடாத தம்பி, அதிர்ந்துச்சுன்னா பூச்சு பொருக்கு பொருக்கா வந்துரும், அதைத் திரும்பப் பூச இன்னைக்கு ஆளு இல்ல"ன்னாரு. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாரு, வளவைச் சுத்தி ஓட்டுத் தண்ணி விழுற தகரத் தவாரம் ஓடுதுல்ல, அதுக்குக் கீழேயே சட்டத்தை ஒட்டிப் பைப்பைக் கொண்டு போயிட்டோம், பாத்ரூமுக்குள்ள நுழையிற இடத்துல மட்டும் பழைய வெண்டிலேட்டர் ஓட்டை. செவுத்துல ஒரு ஓட்டை கூடப் போடல. கீழ இருந்து பாத்தா தெரியாது.

ஆனா பைப் நீளம் 60 அடி ஆயிருச்சு. முக்கா இஞ்ச் குழாய்ல நாலஞ்சு லிட்டர் பச்சைத்தண்ணி நிக்கும், அது போன பின்னாடிதான் சூடு வரும். மொதல்ல சும்மா விட்டுட்டோம், விருந்தாளிங்க வெந்நீர் வரலைன்னு வந்து நின்னாங்க. பைப் முழுக்க கருப்பு ஃபோம் சுத்தினதும் ஒருத்தர் குளிச்சு அரை மணி நேரம் வரைக்கும் சூடு நிக்குது, மொத ஆளுக்கு மட்டும் ஒரு வாளி புடிச்சு வெச்சு அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்துறோம்.

கரண்ட் விசயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. எங்க ஊர்ல சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு எறங்கும், கம்ப்ரசருக்கு அது ஆகாது. தனி லைன், நல்ல எர்த், கரண்ட் கசிஞ்சா தானா அணைச்சிடுற ஆர்சிசிபி, ஸ்டெபிலைசர், நாலும் இல்லாம எலக்ட்ரீசியன் அண்ணன் சுவிட்சே போடமாட்டேன்னுட்டாரு, அவரு அப்படி நின்னதுக்கு நான் கும்புடணும். டைமர் மதியம் 12 மணிக்கு வெச்சிருக்கேன், வெயில் காத்து சூடா இருக்கும், வோல்டேஜும் நல்லா இருக்கும், மூணரைக்குள்ள டேங்க் ரெடி, மறுநாள் காலையில ரெண்டு டிகிரிதான் கொறையுது. 55 டிகிரித் தண்ணியை விளாவினா முப்பது பக்கெட்டுக்குக் கொறையாது. வாரத்துக்கு ஒரு நாள் 60க்கு ஏத்தி விடுறேன், டேங்குல கிருமி சேராம இருக்க.

நடுவுல ஒரு தடவை நின்னு போச்சு. தொறந்து பாத்தா சர்க்யூட் போர்டு மேல பல்லி ஒண்ணு செத்து ஒட்டிக்கிட்டிருக்கு, போர்டு மாத்த 10 நாள். இப்போ எல்லா ஓட்டைக்கும் மெல்லிசு வலை அடிச்சாச்சு. இன்னொண்ணு போர் தண்ணி. எங்க தண்ணியில உப்பு, பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியும். டேங்குக்குள்ள மெக்னீசியக் கம்பி ஒண்ணு இருக்கு, டேங்க் துருப்பிடிக்காம தன்னை அரிக்கக் குடுத்துக்குற கம்பி, 11 மாசத்துல கழட்டிப் பாத்தா கட்டைவிரல் கனம் இருந்தது பென்சில் மாதிரி ஆயிருந்துச்சு, நடுவுல ஒரு எடத்துல உள்ள இருக்குற இரும்புக் கம்பியே தெரியுது. வித்தவங்க மூணு வருசம் தொட வேணாம்னு சொல்லியிருந்தாங்க. உப்புத்தண்ணி ஊர்க்காரங்க வருசம் ஒரு தடவை கட்டாயம் கழட்டிப் பாருங்க.

சித்தப்பா அதுக்கப்புறம் எங்க வீட்டு பாத்ரூமுக்குள்ளயே போகல, மார்கழியிலயும் கெணத்தடியில பச்சைத்தண்ணிதான். போன பொங்கலுக்கு வந்தப்போ தாழ்வாரத்துல அந்த மெசின் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு, எங்கடா எரியுதுன்னு கேட்டாரு, எங்கயும் எரியல சித்தப்பான்னேன், துண்டை எடுத்துக்கிட்டு உள்ள போனாரு. ஆத்தா மட்டும் அவரு வர்ற வரைக்கும் கதவு பக்கத்துலயே நின்னாங்க.

முகப்புக்குப் பக்கத்துல இருக்குற அறைக்கு இன்னும் பைப் இழுக்கல. அங்க போகணும்னா பட்டாலைங்கிற கூடத்தைத் தாண்டணும், அங்க தவாரம் கெடையாது, மேல தேக்கு மச்சு. கொத்தனார் வந்து ரெண்டு தடவை அண்ணாந்து பாத்துட்டுப் போயிருக்காரு, அவரு வழி சொல்ற வரைக்கும் அந்த அறைக்கு வாளியில வெந்நீர் தூக்கிட்டுப் போறோம்.