நாடகம் படிக்கப் போய் இயற்பியலில் மாட்டிய கதை
நாடகம் படிக்கிறேன் என்றாலே “அப்போ நடிப்பா?” என்பார்கள். நான் மேடையேறியது இரண்டே முறை. அதில் ஒன்று, பிணம்.

எங்கள் பட்டப்படிப்பில் நாடகத்தோடு வரலாறு, தத்துவம், ஓர் அறிவியல் தாள் என்று எல்லாம் எடுத்தே ஆக வேண்டும். கடுப்போடுதான் ஒளியியல் எடுத்தேன். அப்புறம் ஒருநாள் ஒத்திகையில் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் சேர்த்துப் போட்டோம். வெள்ளைத் திரையில் மஞ்சள்! பெயின்டில் கலந்தால் சேறுதான் மிஞ்சும். குறுக்கே கையை நீட்டினால் இரண்டு நிழல்: ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அரைமணி நேரம் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன், இயக்குநர் கத்தும்வரை.

1881இல் திறந்த இலண்டன் சவாய் அரங்கம்தான் முழுக்க மின்விளக்கில் ஒளிர்ந்த முதல் பொதுக்கட்டடமாம். வரலாற்றுத் தாளில் வந்தது.

சரி, நாளைக்கு ஏணி ஏறி விளக்கு மாட்டணும்.