பேனா யார் கையில்?

சேலம் அஞ்சு ரோடு ஜெராக்ஸ் கடையில் ஒரு பையன் கல்லூரி விண்ணப்பத்தில் 'வரலாறு' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான். அப்பா ஒன்றும் பேசவில்லை. பேனாவை வாங்கினார், 'வரலாறு' என்பதை அடித்தார், கணினி அறிவியல் என்று எழுதினார். அடித்த வேகத்தில் தாளே கிழிந்துவிட்டது.

எனக்கு ராபர்ட் மெக்டெர்மாட் ஞாபகம் வந்தது.

இரண்டாம் உலகப்போரில் பி-38 போர்விமானம் ஓட்டியவர். அப்புறம் ஹார்வர்டில் எம்பிஏ.

1959இல் கொலராடோவில் உள்ள அமெரிக்க விமானப்படை அகாடமிக்கு முதல் நிரந்தர டீன் ஆனார். ராணுவக் கல்லூரி என்றாலே எல்லோருக்கும் ஒரே பாடம்தான் என்று காலங்காலமாக இருந்ததை மாற்றி, பிடித்த துறையைத் தேர்ந்தெடுத்துப் படிக்கலாம் என்று கொண்டுவந்த பிரிகேடியர் ஜெனரல்!

சீருடையும் அணிவகுப்பும் உள்ள இடத்திலேயே இது நடந்திருக்கிறது.

1968இல் ஓய்வு பெற்றார். அகாடமி நூலகத்துக்கு அவர் பெயர்தான்.

இப்படி ஒருவர் நம்ம சேலத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ரொம்ப ஏக்கமாக இருக்கிறது.