ஒட்டுத் தெரியும் நகரம்: நாராவில் ஒரு நாள் நடை

ஒசாகாவில் அலுவலக வேலை ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டதால், நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் நாற்பது நிமிடம் பயணம் செய்து நாராவுக்குப் போனேன். 710 முதல் 784 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, ஜப்பானின் தலைநகராக இருந்த ஊர் அது. கூட்டத்தோடு கூட்டமாகப் பேருந்தில் சுற்றுவதற்கு மனமில்லாமல், உள்ளூர்த் தன்னார்வ வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். இவர்கள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. வழிச்செலவையும் மதிய உணவையும் நாம் பார்த்துக்கொண்டால் போதும். எனக்கு வாய்த்தவர் எழுபதைக் கடந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஆகவே அவரை இங்கே ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறேன்.

நிலையத்துக்கு வெளியே, கியோகி என்னும் துறவியின் சிலை நிற்கும் நீரூற்றடியில் சந்தித்தோம். இங்குள்ள தோதாய்ஜி கோயிலின் பெரிய வெண்கலப் புத்தரை வார்ப்பதற்காக ஊர் ஊராக நடந்து பொருள் திரட்டியவர் கியோகி. வேலை முடிவதற்குள், 749-இல், இறந்துவிட்டார். "கடன் வாங்காமல் கட்டிய கோயில் அது. இவர் கால்தான் மூலதனம்" என்றார் ஆசிரியர். அவருடைய ஆங்கிலம் நிதானமானது. ஒரு வாக்கியத்தை முடித்த பின்புதான் அடுத்த அடி எடுத்து வைப்பார்.

பத்து நிமிடம் நடந்திருப்போம். "நாம் கோஃபுகுஜி கோயிலுக்குள் வந்துவிட்டோம், கவனித்தீர்களா?" என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. வாயிலும் இல்லை, சுற்றுமதிலும் இல்லை. தெருவிலிருந்து நேராகக் கோயில் வளாகத்துக்குள் கால் வைத்திருந்தோம். 1868-இல் புதிதாக அமைந்த மெய்ஜி அரசு, ஜப்பானின் மரபுத் தெய்வ வழிபாடான ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டபோது, இக்கோயில் தன் நிலங்களை இழந்தது, துறவிகள் பக்கத்து ஷின்டோ கோயிலான கசுகா சன்னதியின் பூசகர்களாக மாறினார்கள், மதில்கள் இடிக்கப்பட்டன, 1880-இல் அந்த நிலத்திலேயே நாரா பூங்கா அமைந்தது. பயணிகள் புல்வெளியின் விசாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த விசாலம் ஒரு கோயில் இழந்த இடம் என்பதை அவர் சொல்லியிராவிட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மான்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஊருக்குள் திரிகின்றன, அப்பளம் போன்ற பிஸ்கட்டுக்காகத் தலை வணங்குகின்றன, என் கையிலிருந்த வரைபடத்தில் கால் பங்கை ஒன்று தின்றுவிட்டது. ஆசிரியர் சொன்ன கதை மட்டும் சுவையானது. மான் தெய்வத்தின் தூதர் என்பதால் அதைக் கொல்வது பெருங்குற்றமாக இருந்த காலத்தில், வீட்டு வாசலில் மான் செத்துக் கிடந்தால் பழி அந்த வீட்டுக்காரர் மேல் வருமாம். ஆகவே நாராக்காரர்கள் அனைவரும் விடியுமுன் எழுந்து, செத்த மான் கிடந்தால் அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்த்தி வைப்பார்களாம். "நாங்கள் அதிகாலையில் எழுவது பக்தியால் அல்ல" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

தோதாய்ஜியின் தெற்குப் பெருவாயிலில் அவர் வெகுநேரம் நின்றார். இருபுறமும் 8.4 மீட்டர் உயரத்தில் நிற்கும் மரத் துவாரபாலகர்களை, உன்கெய், கைகெய் முதலிய சிற்பிகள் 1203-இல் 69 நாட்களில் செய்து முடித்தார்கள். இவ்வளவு பெரிய உருவத்தை ஒரே மரத்தில் குடைந்தால் இந்த வேகம் சாத்தியமே இல்லை. தனித்தனியாகச் செதுக்கிய துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தும் முறையைக் கையாண்டதால் பலர் ஒரே சமயத்தில் வேலை செய்ய முடிந்தது. நம் காலத்தில் பழுதுபார்க்கப் பிரித்தபோது ஒவ்வொரு சிலையிலும் ஏறத்தாழ 3,000 துண்டுகள் இருந்தது தெரியவந்தது. அவர் விரலால் காட்டிய பிறகுதான், புடைத்த தொடை நரம்பின் ஓரமாக மெல்லிய கோடு ஒன்று ஓடுவதைப் பார்த்தேன். அன்று முழுவதும் என் கண் ஒட்டுகளைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

புத்தர் மண்டபத்துக்குள் ஒரு தூணின் துளையில் குழந்தைகள் நுழைந்து வெளிவருகிறார்கள். அதற்கு ஒரு நீண்ட வரிசை. ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்துத் தூணில் வளையம் வளையமாக அடித்திருந்த இரும்புப் பட்டைகளைக் காட்டினார். முதல் மண்டபம் ஏறத்தாழ 86 மீட்டர் அகலம். 1180-இலும் 1567-இலும் போரில் எரிந்து, 1709-இல் இப்போதைய மண்டபம் எழுந்தபோது அகலம் 57 மீட்டராகச் சுருங்கிவிட்டது. பணமும் போதவில்லை, அவ்வளவு பெரிய மரமும் காட்டில் மிச்சமில்லை. ஆகவே நடுமரத்தைச் சுற்றிப் பலகைகளை அடுக்கி, இரும்புப் பட்டையால் இறுக்கி, ஆணி அறைந்து தூணாக்கியிருக்கிறார்கள். பீப்பாய்க்குப் பட்டை போடுவதைப் போலத்தான். உலகப் புகழ்பெற்ற மரக் கட்டடத்தின் தூண்களில் பல, முழு மரமே அல்ல.

ஏறத்தாழ 15 மீட்டர் உயரப் புத்தரும் அப்படித்தான். தாமரை இதழ்களிலும் மடியிலும் எட்டாம் நூற்றாண்டு வெண்கலம் இருக்கிறது. தலை எடோ காலத்தில் (1603–1868) வார்த்தது. இரண்டாம் தீக்குப் பின் எழுப்பிய தற்காலிகக் கூரையும் புயலில் விழுந்துவிட, புத்தர் பல பத்தாண்டுகள் மழையிலும் வெயிலிலும் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார். மழையில் நனையும் புத்தரைக் கண்ட கோகெய் என்ற சிறுவன், 'இவருக்கே குடை இல்லாதபோது எனக்கு எதற்கு?' என்று கலங்கினான் என்பது இங்கே சொல்லப்படும் கதை. அந்தச் சிறுவன் துறவியாகி, நாடெங்கும் நிதி திரட்டிப் புத்தரைச் செப்பனிட்டது வரலாறு. அவரும் மண்டபம் முடிவதைப் பார்க்காமல் 1705-இல் இறந்தார்.

இந்த இடத்தில் நான் ஆசிரியருக்கு ஒரு செய்தி சொல்ல நினைத்தேன், அவர் முந்திக்கொண்டார். 752-இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736-இல் ஜப்பான் வந்தவர். அவர் பிடித்த தூரிகையில் நீளமான நீல நூற்கயிறு கட்டி, கூடியிருந்தோர் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறக்கும் புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்று. தூரிகையும் கயிறும் மண்டபத்துக்குப் பின்னாலுள்ள ஷோசோயின் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன. முதல் தீக்குப் பிறகு, 1185-இல், பேரரசர் பதவி துறந்த கோ-ஷிரகாவா அதே தூரிகையால்தான் மறுபடி கண் திறந்தார். எங்கள் ஊர்க் கோயில்களிலும் புதுச் சிலைக்கு ஸ்தபதி கடைசியாகக் கண் திறப்பார் என்றேன். "எந்தக் கருவியால்?" என்று உடனே கேட்டார். பொன் ஊசியால் என்று பதில் சொன்னேன், தலையசைத்துக்கொண்டார்.

கசுகா சன்னதியின் விளக்குகளுக்கு நேரம் இல்லை. பெர்சிமன் என்னும் பழமரத்தின் இலையில் பொதிந்த சுஷியை வாங்கிக் குளக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாராவுக்குக் கடல் கிடையாது. உப்பிட்ட கானாங்கெளுத்தி மலைகளைக் கடந்து வந்து சேர்ந்த காலத்து உணவு இது. இலையைத் தின்னக் கூடாது என்று அவர் சொல்வதற்குள் நான் ஒரு கடி கடித்திருந்தேன்.

மாலையில் நாராமாச்சி. ஒடுங்கிய முகப்பும் ஆழமான உட்பகுதியும் கொண்ட பழைய வணிகர் வீடுகள். தாழ்வாரத்தில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகச் சிவப்புத் துணிக் குரங்குகள் தொங்குகின்றன, வரும் தீங்கைத் தாங்கள் வாங்கிக்கொள்ள. இந்தத் தெருக்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கங்கோஜி கோயிலின் வளாகம். அந்தக் கோயிலின் எஞ்சிய மண்டபத்துக்குப் பின்புறம் அழைத்துப்போய், "இப்போது கூரையைப் பாருங்கள்" என்றார்.

ஒரு பகுதியில் ஓடுகள் ஒரே நிறமாக இல்லை. சாம்பல், பழுப்பு, கருமை, இடையிடையே செம்மை. 588-இல் கொரியாவின் பெக்சே அரசிலிருந்து வந்த ஓட்டுக் கைவினைஞர்கள் அசுகாவில் ஒரு கோயிலுக்கு ஓடு சுட்டார்கள். தலைநகர் மாறிய பின் 718-இல் அக்கோயில் இங்கே இடம்பெயர்ந்தபோது ஓடுகளும் கூடவே வந்தன. அவற்றில் சில இன்றும் இதே கூரையில் மழையைத் தாங்குகின்றன. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருப்பதால், ஒன்றின் வாய் அடுத்ததன் மேல் ஏறி, படிப்படியாக இறங்குகிறது வரிசை.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. என் பாட்டி வீட்டுக் கூரை இப்படித்தான் இருந்தது. குயவர் சக்கரத்தில் வனைந்து நெடுக்காகப் பிளந்த அரைக்குழாய் ஓடு. ஐப்பசிக்கு முன் பிரித்து, உடைந்ததை மாற்றி, மறுபடி மேய்வார்கள். அதைச் சொன்னதும், உங்கள் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். நாட்டு ஓடு என்றேன். சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, பிறமொழிச் சொற்களுக்கு ஜப்பானியர் பயன்படுத்தும் கதகானா எழுத்தில் எழுதி, வாசித்துக் காட்டினார். 'ட்டு' அவருக்கு வரவில்லை. மூன்று முறை சொல்லிப் பார்த்தார்; மூன்றாவது முறை ஏறத்தாழச் சரியாக வந்தது.