காய்ச்சலுக்குப் பெயர் தெரியாத நாட்கள்

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் சிலர் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் அடுத்தடுத்து இறந்தபோது, அந்தச் செய்தி 'மர்மக் காய்ச்சல்' என்ற பெயரோடுதான் திருகோணமலைக்கும் வந்தது. வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் சுற்றத் தொடங்கின. எங்கள் ஒழுங்கையிலுள்ள அக்கா ஒருவர், பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டார். நோயின் பெயரே தெரியாதபோது ஒரு தாய் வேறு எதைக் கேட்பார்?

சில நாட்களில் அது எலிக்காய்ச்சல் என்று பரிசோதனைகள் காட்டின. எலி போன்ற விலங்குகளின் சிறுநீரிலிருந்து தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலக்கும் அந்தக் கிருமி, தோலிலுள்ள காயங்களின் வழியாக உடலுக்குள் செல்கிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது மிக அரிது. ஆகவே கவலைப்பட வேண்டியது ரியூசன் வகுப்பைப் பற்றியல்ல, நவம்பர் வெள்ளம் வடிந்த பின்னர் தம்பலகாமத்து வயல்களில் வெறுங்காலோடு இறங்கியவர்களைப் பற்றித்தான். அவர்களுடைய குதிகால் வெடிப்புகளில் சேறு கறுப்புக் கோடுகளாகப் படிந்திருக்கும். அவற்றைக் காயமென்று அவர்கள் எண்ணுவதே இல்லை. பயம் முழுவதும் முகக்கவசத்திலும் வதந்தியிலும் செலவாகிவிட்டால், அந்தக் கால்களை யார் கவனிப்பது என்பதே என் ஆதங்கம்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய பாடமல்ல. 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்ட ஆண்டில், கிண்ணியா அதன் கடுமையை மார்ச் மாதத்திலேயே கண்டது. டெங்குவில் பலருக்கு ஆபத்து தொடங்குவது காய்ச்சல் இறங்கும் வேளையில்தான். 'சுகமாகிவிட்டது' என்று வீட்டார் ஆறுதலடையும் அந்த நேரத்தில் வயிற்றுவலியோ விடாத வாந்தியோ வந்தால், விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பதற்றம் முதல் நாளிலேயே எல்லோரையும் ஓடவைத்துக் களைப்பாக்கிவிடுகிறது. ஓட வேண்டிய நாளில் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

வயலில் இறங்குவோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், தடுப்புக்காக வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் என்ற மருந்து தமக்கு ஏற்றதா என்று அறிந்துகொள்ளலாம். அதற்கு மேலும் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் தசை வலித்து, கண்ணும் சிவந்தால், வைத்தியரிடம் முதலில் "வயலுக்குள் இறங்கினேன்" என்று சொல்லுங்கள். தொடக்கத்தில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் ஒன்றுபோலவே தோன்றும்; எலிக்காய்ச்சலுக்கோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.