உப்புப் பாட்டோடு ஐந்து ஊர்

விழுப்புரத்தில் தூத்துக்குடி போகிற முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறும்போது இரவு பத்து தாண்டிவிட்டது. டிக்கெட் போடும்போது எப்போதும் அப்பர் பெர்த்தான் கேட்பேன், கிட்டாரைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்துவிட்டு மிச்ச இடத்தில் நான் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வேன். சீட்டுக்கு அடியில் தள்ளினால் யாருடைய ட்ரங்குப் பெட்டி எப்போது இடிக்கும் என்று தெரியாது, அந்தப் பயத்திலேயே தூக்கம் போய்விடும். இப்படித்தான் மார்ச் மாதம் 12 நாளில் புதுச்சேரி, தூத்துக்குடி, மதுரை, கோவை, பெங்களூரு என்று ஐந்து ஊர் சுற்றினேன். கூட யாரும் இல்லை. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடுகிற பாட்டுகள், அதனால் டிக்கெட் போடுவதும் மைக் ஒயர் சுருட்டுவதும் நான்தான்.

புதுச்சேரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முப்பது பேர் வந்தார்கள், காது கொடுத்துக் கேட்டார்கள். பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது, மீதி இன்னும் வரவில்லை. ஸ்டுடியோவுக்கென்று கணக்குப் பண்ணி வைத்த பணம் அது, அதனால் மனசு கனத்துப்போனது.

ஆனால் புதுச்சேரிக்குப் போகிற வழி எனக்கு முக்கியம். ஈசிஆரில் போனவர்கள் மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள், பஸ் ஜன்னலில் திடீரென்று தரையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, நடுவில் வெள்ளை வெள்ளையாகக் குவியல். போன வருடம் அந்த ஜன்னலோரத்தில்தான் ஒரு பாட்டு வந்தது. “பாத்தி வெயிலில் உப்பை அள்ளும் கையே” என்று பல்லவி. வீட்டுக்கு வந்த அன்றே 96 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில், ஒரு ரஃப் பதிவு போட்டுவிட்டேன். துள்ளலாக இருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. உடனே ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாம், ஆனால் கையில் காசு இல்லை. இப்போது நினைத்தால் அதுவே நல்லதாகப் போயிற்று.

தூத்துக்குடியில் ஒரு தோழி வீட்டு மொட்டைமாடியில் கச்சேரி. தெருக்காரர்கள்தான் கூட்டம், நாற்பது பேர் இருக்கும், பாதிப் பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள். விடியும் முன்னால் வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் எட்டரைக்குள் முடித்துவிடு என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். ரேடியோ செட் வைக்கட்டுமா என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடல் காற்று நன்றாக வீசியது. அந்த உப்புக் காற்று ஸ்ட்ரிங்கைச் சும்மா விடாது, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் துண்டால் துடைத்தும் இரண்டே நாளில் நிறம் மாறிவிட்டது.

உப்புப் பாட்டைப் பாடி முடித்ததும் கைதட்டினார்கள். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மட்டும் தட்டவில்லை. எல்லோரும் எழுந்து போனபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு பிள்ள. ஆனா பாத்தியில கெடக்க உப்பை யாரு அள்ளுவா? பாத்தியில வாரணும். வாரிக் கரையேத்துன பொறவுதான் அள்ளுறது, சுமக்குறது எல்லாம்.”

சொல்லிவிட்டு மொட்டைமாடித் தரையிலேயே செய்து காட்டினார். நீளக் கம்பில் மாட்டிய பலகையைப் பிடித்திருக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி, இடுப்பை வளைத்து, மெல்லத் தன் பக்கம் இழுத்தார். வேகமாக இழுத்தால் அடி மண்ணும் சேர்ந்து வந்துவிடுமாம், உப்பு கறுத்துப்போகுமாம். அவர் கை ஒரு முறை இழுத்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் என் பல்லவி முழுசாக ஓடி முடிந்திருக்கும்.

அன்றிரவு தூங்கவில்லை. “அள்ளும்” என்பதை “வாரும்” என்று மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், ஒரு சொல்தானே. மாற்றியதும் மெட்டே நிற்கவில்லை. “அள்” என்பது குறிலும் ஒற்றும், நாக்கு மடங்கியதும் சத்தம் அடைபட்டுவிடும், அதனால்தான் அந்த இடத்தில் பாட்டு குதித்துத் தாண்டிக்கொண்டிருந்தது. “வா” நெடில். வாயைத் திறந்தால் மூச்சு உள்ளவரை நிற்கலாம். நிற்கச் சொல்லிக் கேட்கிறது. அந்த ஸ்வரத்தைப் பிடித்து நின்றேன், டெம்போ தானாக இறங்கிற்று, 90, அப்புறம் 84. துள்ளல் போய்விட்டது, பதிலுக்கு இடுப்பு வளைந்து பலகையை இழுக்கிற அந்த அசைவு வந்து உட்கார்ந்தது. காலையில் தோழியிடம் பாடிக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் இன்னொரு தரம் பாடு என்றாள்.

மறுநாள் ஒரு டப்பா மக்ரூனோடு மதுரைக்கு பஸ். முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும் மட்டும்தான், ஆனால் வெளியூரில் அந்த மொறுமொறுப்பு ஏனோ வருவதில்லை. மதுரையில் புது மெட்டை முதன்முதலாகப் பாடினேன், இரண்டாவது சரணத்தில் மூச்சு பற்றவில்லை. கோவை வருவதற்குள், கிட்டார் கழுத்தில் மாட்டுகிற காப்போ கிளிப்பை ஒரு ஃப்ரெட் கீழே இறக்கிச் சுருதியைக் குறைத்துவிட்டேன். கோவையில் வேறு ஒரு தொல்லை, கிட்டாரைச் செருகியதும் ஸ்பீக்கரில் “ம்ம்ம்” என்று ஒரே இரைச்சல், எர்த் கோளாறு. கிட்டாரை ஸ்பீக்கர் செட்டோடு இணைக்கிற டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் ஒன்று இருக்கும், அதைத் தட்டினால் பெரும்பாலும் இரைச்சல் நின்றுவிடும், ஆனால் அங்கே டிஐ பாக்ஸே இல்லை. மைக் இல்லாமலேயே பாடினேன். இதைப் படிக்கிற புதுப் பாடகர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொந்தமாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் “வா...” என்று நான் நிற்கிற இடத்தில் மொத்த அறையும் என்னோடு மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் கணக்குப் பார்த்தேன். ஐந்து ஊரிலும் துண்டு ஏந்தியும் க்யூஆர் கோடிலும் வந்தது, போக்குவரத்தும் சாப்பாடும் போக, 11 ஆயிரம் சொச்சம். ஆன்லைனில் பாட்டு கேட்பதால் வருவது இதன் பக்கத்தில்கூட வராது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடினால்தான் ராயல்டிக் கணக்கிலேயே சேரும். என் பழைய பாட்டுகளில் பாதி அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. என்னை மாதிரி ஆட்களுக்குச் சோறு போடுவது இன்னும் மொட்டைமாடியும் பாயும்தான்.

சரி, ஸ்டுடியோ. சாலிகிராமத்தில் சின்ன இடம், மணிக்கு 800 ரூபாய். ஏசி சத்தம் கண்டென்சர் மைக்கில் விழும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் ஏசியை நிறுத்த வேண்டும், ஏப்ரல் வெயிலில் மூன்றாவது டேக்குக்குள் துப்பட்டா நனைந்துவிட்டது. முதலில் ஹெட்போனில் டக் டக் என்று தாளம் காட்டுகிற கிளிக்கை 84இல் போட்டு, கிட்டார் தனி, குரல் தனி என்று எடுத்தோம். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், கேட்டால் உயிரே இல்லை. ஏழு வருடமாக எனக்குப் பதிவு செய்து தருகிற அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “ஊர்ல பாடும்போது கிளிக் இருந்துச்சா?”

கிளிக்கை எடுத்துவிட்டார். குரலும் கிட்டாரும் ஒன்றாக, இரண்டே மைக். கண்ணை மூடிக்கொண்டு அந்த அம்மாவின் கையை மட்டும் நினைத்துக்கொண்டேன். ஏழாவது டேக் நின்றது. “வாரும்” சொல்வதற்கு முன்னால் நான் இழுக்கிற மூச்சு பெரிதாகவே கேட்கிறது. வெட்டிவிடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் அண்ணா, அது இருக்கட்டும் என்றேன்.

ரஃப் மிக்ஸைத் தோழிக்கு அனுப்பினேன், அவள் அந்த அம்மா வீட்டுக்கே போய்ப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். மறுநாள் பத்து நொடி வாய்ஸ் மெசேஜ் வந்தது: “இப்ப சரியா வாருத பிள்ள. மழைக்கு முன்ன ஒரு நாள் காலையில வா, பாத்தியில எறங்கிப் பாரு.”

செப்டம்பருக்கு டிக்கெட் போட்டாயிற்று. அதே ரயில், அதே அப்பர் பெர்த்.